பான்பரி: ரைம்ஸில் கேட்ட ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் சின்ன ஊர்களைப் பற்றி எழுதுபவன் என்பதால், பான்பரி என்ற பெயரைச் சொன்னதும் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. குழந்தைப் பாட்டு, கேக், ரயிலில் போகும்போது அடிக்கும் காபி வாசனை. அதற்கு அப்புறம்தான் ஆலை, மாட்டுச் சந்தை, நெடுஞ்சாலை, தேர்தல் எல்லாம் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

பான்பரி எங்கே இருக்கு? பெரிய ஊரா?

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வடக்கு ஓரத்தில், செர்வெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. லண்டனிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பர்மிங்காமிலிருந்து 60, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 35. லண்டன் மேரில்போன் நிலையத்தில் வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 54,335. 1931-ல் இது 14,000-ஐக்கூடத் தொடவில்லை. தொண்ணூறு ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கு. நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாக வளர்ந்த ஊர் திடீரென்று எப்படி இப்படிப் பெருத்தது என்பதுதான் கீழே உள்ள பாதிக் கேள்விகளின் விஷயம்.

மார்க்கெட் டவுன் என்கிறார்களே, சந்தை நடக்கிற ஊரெல்லாம் மார்க்கெட் டவுன்தானா?

இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் வாரச்சந்தை நடத்துவது ஓர் உரிமை. அரசர் கொடுத்தாக வேண்டும், அல்லது நெடுங்கால வழக்கத்தால் நிலைபெற்றிருக்க வேண்டும். அந்த ஊரின் நிலப்பிரபு கடைக்காரர்களிடம் சுங்கம் வாங்கிக்கொள்வார். பான்பரியின் நிலப்பிரபு லிங்கன் நகரத்துப் பிஷப். 12-ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டியதும் ஒரு பிஷப்தான். 1554-ல் அரசி மேரி கொடுத்த சாசனத்தால் ஊருக்குச் சொந்த நகரசபை கிடைத்தது. வியாழனும் சனியும் சந்தை கூடும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது.

நடைமுறையில் மார்க்கெட் டவுன் என்றால், சுற்றியுள்ள கிராமங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஊர். தானியம் விற்க, செருப்பு வாங்க, வக்கீலைப் பார்க்க, பல் பிடுங்க, பெண் பார்க்க எல்லாம் அங்கேதான். வீடு விற்பவர்களின் விளம்பரத்தில் இந்தச் சொல் வந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அங்கே அதற்கு விலை கூடுதல் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

குழந்தைப் பாட்டில் குதிரை ஏறிப் போகிற 'பான்பரி கிராஸ்' இதுதானா? எவ்வளவு பழையது?

ஊர் இதுதான். சிலுவைத் தூண்தான் வேறு. ஊரில் முன்பு ஒன்றுக்கு மேற்பட்ட கல் சிலுவைகள் இருந்தன. சிலைகளையும் சடங்குகளையும் விக்கிரக வழிபாடு என்று வெறுத்த பியூரிட்டன்கள் 1600-இல் அவற்றை இடித்துத் தள்ளினார்கள். அதன்பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு ஊரில் சிலுவை இல்லை.

இப்போது ரவுண்டானா நடுவில் நிற்பது 1859-ல் கட்டியது. விக்டோரியா ராணியின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசரை மணந்ததன் நினைவாக எழுப்பினார்கள். உயரம் ஏறத்தாழ 16 மீட்டர். அதிலுள்ள விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் சிலைகள் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிச் சேர்த்தவை. பாட்டில் வரும் சீமாட்டி வெள்ளைக் குதிரையில் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை இன்னும் புதிது, 2005-ல் வைத்தது. சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் பழையது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊருக்கும் இந்திய வரலாற்றுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு, சின்னதும் இல்லை. அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பிரதமர் என்று பெயர் வாங்கிய லார்ட் நார்த், 1754 முதல் 1790 வரை பான்பரியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய குடும்பம் பக்கத்திலேயே ராக்ஸ்டன் மாளிகையில் இருந்தது. அப்போது பான்பரியில் ஓட்டுரிமை இருந்தது நகரசபைக்காரர்கள் 18 பேருக்கு மட்டும். அந்த 18 பேரைக் கவனித்துக்கொண்டால் போதும்.

1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது இவருடைய அரசுதான். அந்தச் சட்டத்தால் போர், சமாதான விஷயங்களில் சென்னை மாகாணம் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலுக்குக் கட்டுப்பட்டதாயிற்று. சென்னையின் தலைவிதியை மாற்றிய பிரதமரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் ஒரு வேனில் அடங்கக்கூடியவர்கள்.

தொழில்புரட்சி இங்கே எப்போ வந்தது? கால்வாயிலா, ரயிலிலா?

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய் 1778-ல் பான்பரியைத் தொட்டது. அதன் வழியே வாரிக்ஷயர் நிலக்கரி வந்தது. குளிரில் விறகுக்குத் திண்டாடும் ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. 1790-ல் கால்வாய் ஆக்ஸ்ஃபோர்ட் வரை முடிந்தது. அதே ஆண்டில் தொடங்கிய படகுப் பட்டறை ஒன்று, டூலீஸ் என்ற பெயரில், இன்றும் ஊர் நடுவில் வேலை செய்கிறது. சுற்றிலும் ஷாப்பிங் சென்டரும் அருங்காட்சியகமும் எழும்பிவிட்டன. ஒரு பக்கம் ஆடைக் கடை, மறுபக்கம் தண்ணீர் வடித்த தொட்டியில் அடிப்பாகம் சுரண்டக் கிடக்கும் படகு. எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் 1939-ல் தன் படகில் புறப்பட்டது இங்கிருந்துதான். அவர் பின்னால் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தை 1946-இல் தொடங்கிய இருவரில் ஒருவர். பிரிட்டனின் கால்வாய்கள் தூர்க்கப்படாமல் தப்பியதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ரயில் 1850-ல் வந்தது, அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனிகளின் இரண்டு பாதைகள், இரண்டு நிலையங்கள். 1900-ல் கிரேட் சென்ட்ரல் பாதையோடு இணைப்பு வந்ததும் வடக்கும் தெற்கும் சந்திக்கும் இடமானது. 1931-ல் சரக்கு வண்டிகளை மேட்டிலிருந்து உருட்டிப் பிரிக்கும் பெரிய யார்டு அமைத்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டில் இதில் பாதி போய்விட்டது. இரண்டாவது நிலையத்தில் பயணிகள் வண்டி 1960-களின் தொடக்கத்தில் நின்றது. கிரேட் சென்ட்ரல் இணைப்பு 1966-ல் மூடப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டில் ஆலை எதுவும் இல்லையா?

இருந்தது, ஆனால் வயலை நம்பிய ஆலை. 1848-ல் பெர்ன்ஹார்ட் சாமுவேல்சன் என்பவர் இங்கே ஒரு சிறிய விவசாயக் கருவிப் பட்டறையை வாங்கினார். மாட்டுத் தீவனத்துக்கு டர்னிப் கிழங்கை நறுக்கும் இயந்திரம்தான் அதன் முக்கியச் சரக்கு. அதை பிரிட்டானியா ஒர்க்ஸ் என்று வளர்த்து, கதிர் அறுக்கும் இயந்திரங்களை வெளிநாடுகளுக்கும் அனுப்பினார். தொழிலாளர் வீடுகளுக்காக ஊரின் தெற்கே புதுத் தெருக்கள் முளைத்தன. 1859-இல் ஒரு நாடாளுமன்ற இடைத்தேர்தலில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், சில மாதத்திலேயே பொதுத்தேர்தலில் தோற்றார், 1865-ல் திரும்பி வந்து முப்பது ஆண்டு உறுப்பினராக இருந்தார்.

பிளஷ் என்ற வெல்வெட் மாதிரியான துணி நெசவும் இங்கே பேர் போனது. ஆனால் அது கைத்தறி, விசைத்தறி வந்ததும் கவென்ட்ரி பக்கம் நகர்ந்துவிட்டது. பிரிட்டானியா ஒர்க்ஸும் 1930-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. விவசாயத்தில் விலை விழுந்தால் அறுவடை இயந்திரம் யார் வாங்குவார்?

மாடுகளைத் தெருவிலேயே விற்றார்களாமே? நம்பலாமா?

தாராளமாக. ஹார்ஸ் ஃபேர், கவ் ஃபேர் என்பவை இன்றும் புழக்கத்தில் உள்ள இடப் பெயர்கள். குதிரை விற்ற தெரு, மாடு விற்ற தெரு. நகர மண்டபத்தின் வாசலில் மாடு நிற்கும், வியாபாரி நிற்பார், பேரம் நடக்கும். தானியத்துக்கு மட்டும் கூரை போட்ட இடம். 1857-ல் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு தானிய மண்டபங்கள் கட்டினார்கள், ஒன்றே போதும் என்கிற ஊரில்.

1925-ல் மிட்லண்ட் மார்ட்ஸ் என்ற நிறுவனம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிரிம்ஸ்பரியில், ரயில் பாதையை ஒட்டி நிரந்தர ஏல வளாகம் அமைத்தது. இடத்தேர்வில்தான் சூட்சுமம். வண்டியில் வரும் மாட்டை இறக்கி நேராகப் பட்டிக்கு ஓட்டலாம், விற்றதை நேராக வண்டியில் ஏற்றலாம். சில ஆண்டுகளில் தெரு வியாபாரம் நின்றது. கிரிம்ஸ்பரி சந்தை ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய மாட்டுச் சந்தை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது.

விவசாய ஊருக்கு அலுமினிய ஆலை எப்படி வந்தது?

என் கணக்கில் பான்பரியின் நவீன வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. நெடுஞ்சாலை வந்த பிறகுதான் ஊர் மாறியது என்று சொல்பவர்கள் அறுபது ஆண்டு தாமதமாகப் பார்க்கிறார்கள். கனடாவின் அலுமினிய நிறுவனத்தின் கிளையான நார்தர்ன் அலுமினியம் கம்பெனி 1929-இல் சவுத்தம் சாலையில் நிலம் வாங்கி, 1931-ல் ஆலையைத் திறந்தது. பின்னாளில் ஆல்கன் என்று அறியப்பட்டது. ஊருக்கு ரயில் இருந்தது, சமதளமான நிலம் இருந்தது, லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவில் இருந்தது. மேலே சொன்னபடி பழைய ஆலை மூடிக்கொண்டிருந்ததால் வேலை தேடும் கைகளும் இருந்தன.

இதன் விளைவு கூலியில் தெரிந்தது. பண்ணை வேலைக்குப் போன பையன் ஷிப்ட் வேலைக்குப் போனான். வடக்கு இங்கிலாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. தொழிற்சங்கம் வந்தது. கடைத்தெருவில் எதிரே வருபவரின் தாத்தா யார் என்று தெரியாத நிலைமை முதல்முறையாக வந்தது.

போரில் ஆலையைக் காப்பாற்றப் பொம்மை ஆலை கட்டினார்கள் என்பது கதையா, நிஜமா?

நிஜம். போர் விமானங்களுக்கான அலுமினியத் தகடு இங்கே உருட்டப்பட்டது, விழுந்து நொறுங்கிய விமானங்களின் உலோகமும் இங்கே உருக்கப்பட்டது. ஜெர்மனியின் பட்டியலில் இந்த ஆலை இல்லாமலிருக்க வாய்ப்பில்லை. அதனால் ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில், மேலிருந்து பார்த்தால் ஆலை மாதிரியே தெரியும் போலிக் கட்டடங்களை எழுப்பினார்கள். குண்டு போலிக்குத்தான் விழுந்தது. நிஜ ஆலை தப்பியது. ஊர் முழுக்கத் தப்பியது என்று சொல்ல முடியாது. 1940-ல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் விழுந்த குண்டால் உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

சமூகவியல் படிக்கிற என் தங்கை 'பான்பரி ஆய்வு' என்று ஏதோ சொல்கிறாள். அது என்ன?

மார்கரெட் ஸ்டேசி என்ற சமூகவியலாளர் 1948 முதல் 1951 வரை இந்த ஊரைக் குடைந்து ஆராய்ந்தார். முடிவுகள் 1960-ல் வெளிவந்தன. பிறகு 1966 முதல் 68 வரை ஒரு குழுவோடு திரும்பி வந்து இன்னொரு சுற்று பார்த்தார். பிரிட்டிஷ் சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது கட்டாயம் கண்ணில் படும்.

அவர் கேட்டது எளிய கேள்வி. பழைய சந்தை ஊருக்குள் பெரிய ஆலையும் வெளியூர் ஆட்களும் வந்தால் என்ன நடக்கும்? அவர் கண்ட முக்கியமான பிளவு பணக்காரன், ஏழை என்பதோடு நிற்கவில்லை. ஊர்வழக்கப்படி வாழ்பவர்கள் ஒரு பக்கம், அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாதவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகைக்கு ஒருவரின் குடும்பம், பூர்வீகம் தெரிந்தால் அவரை எந்த இடத்தில் வைப்பது என்று தெரிந்துவிடும். ஆலைக்கு வந்த மேலாளரையும் தொழிற்சங்கக்காரரையும் அந்த அளவுகோலில் வைக்கவே முடியவில்லை.

சுவாரசியமான இன்னொன்று, சங்கங்களைப் பற்றியது. ஆங்கிலிக்கன் தேவாலயம், கன்சர்வேட்டிவ் கட்சி, பௌலிங் விளையாட்டுக் கிளப் ஆகியவற்றின் நிர்வாகக் குழுக்களில் ஒரே மாதிரி ஆட்கள் திரும்பத் திரும்ப இருந்தார்கள். லிபரல் கட்சிக்கும், ஆங்கிலிக்கன் சபையில் சேராத சுதந்திரத் திருச்சபைகளுக்கும் இடையில் இன்னொரு கண்ணி. லேபர் கட்சியும் தொழிற்சங்கங்களும் தனி வட்டம். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே ஜெபம் செய்கிறார் என்று தெரிந்தால் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

லண்டன்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்களா?

ஆமாம். 1952-இல் வந்த நகர வளர்ச்சிச் சட்டம், நெரிசலான பெருநகரங்களிலிருந்து ஆட்களையும் தொழிலையும் சின்ன ஊர்கள் ஏற்றுக்கொள்ள வழி செய்தது. பான்பரி நகரசபை லண்டனோடு ஒப்பந்தம் போட்டது. ஊரின் மேற்கே பிரெட்ச் ஹில் போன்ற கவுன்சில் வீட்டுக் குடியிருப்புகள், அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விடும் வீடுகள், எழுந்தன. போரில் வீடு இழந்த, ஒரே அறையில் முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தோடு வீடு கிடைத்தது. பழைய ஊர்க்காரர்களுக்கு அந்தக் குன்று என்றாலே இளக்காரம். அந்த இளக்காரம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதை உள்ளூர் முகநூல் குழுக்களில் பார்க்கலாம்.

1960-களின் நடுவில் மக்கள்தொகையை 70,000 ஆக உயர்த்தும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. ஊரே இரண்டுபட்டது. கடைசியில் அது கைவிடப்பட்டது. இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அன்று வேண்டாமென்று சொன்ன அளவை நோக்கித்தான் ஊர் இன்னமும் மெதுவாக நகர்கிறது.

ரயிலில் போகும்போது காபி வாசனை வருகிறதே, எங்கிருந்து?

ரஸ்கோட் அவென்யூவிலுள்ள ஆலையிலிருந்து. பர்மிங்காமில் கஸ்டர்ட் பவுடர் செய்துகொண்டிருந்த பேர்ட்ஸ் நிறுவனத்தை அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் முன்பே வாங்கியிருந்தது. 1960-களின் நடுவில் உற்பத்தியை மொத்தமாகப் பான்பரிக்கு மாற்றினார்கள். பர்மிங்காமிலிருந்து தொழிலாளர் பலர் ஆலையோடு சேர்ந்தே வந்தார்கள். முதலாளி பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜெனரல் ஃபுட்ஸ், கிராஃப்ட், மாண்டலீஸ், இப்போது ஜேக்கப்ஸ் டவ் எக்பெர்ட்ஸ். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து ஊரின் ஒரு பாதிக்கு வறுத்த காபி மணம்.

2021-ல் இந்த ஆலை செய்தியில் அடிபட்டது. புதிய ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காவிட்டால் வேலையிலிருந்து நீக்கி மறுபடி எடுப்போம் என்ற நிர்வாகத்தின் நிலைப்பாட்டை எதிர்த்துத் தொழிற்சங்கம் போராடியது. பின்னர் உடன்பாடு ஏற்பட்டது.

பான்பரி கேக் நிஜமாகவே கேக்தானா?

நம் கணக்கில் கேக் இல்லை. நீள்வட்டமாக, அடுக்கடுக்கான மாவுறைக்குள் உலர்திராட்சை, சர்க்கரையில் ஊறிய பழத்தோல், ஜாதிக்காய் வைத்து, மேலே சர்க்கரை தூவிச் சுட்டது. ஏறத்தாழ 400 ஆண்டுப் பழக்கம். சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி. பார்சன்ஸ் தெருவில் இருந்த புகழ்பெற்ற பழைய கேக் கடைக் கட்டடத்தை 1960-களின் இறுதியில் இடித்துவிட்டார்கள்.

அவ்வளவு பெரிய மாட்டுச் சந்தை ஏன் மூடியது?

1998-ல் மூடினார்கள். ஒரே காரணம் சொல்ல முடியாது. ரயிலில் மாடு ஏற்றுவது நின்று லாரி வந்தபோதே, ரயிலை ஒட்டிய இடம் என்ற பழைய அனுகூலம் போய்விட்டது. சூப்பர் மார்க்கெட்டுகள் பண்ணையோடு நேரடியாகப் பேசி, மாட்டை நேரே அறுப்புக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னதால் ஏலத்துக்கு வரும் தலைகள் குறைந்தன. 1996-ல் பைத்தியமாட்டு நோய் விவகாரத்தில் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதி தடைபட்டது. இதற்கெல்லாம் மேல், ஊருக்கு நடுவிலுள்ள நிலத்தில் மாடு கட்டுவதைவிட வீடு கட்டினால் லாபம் அதிகம்.

அந்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் செர்வெல் ஆறு பெருகி ரயில் நிலையம் வரை வெள்ளம் புகுந்ததும் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. வெள்ளத் தடுப்புத் திட்டம் முடிந்தது 2012-ல். சந்தை இருந்த இடத்தில் இப்போது வீடுகளும் ஒரு தொடக்கப் பள்ளியும் உள்ளன.

எம்40 நெடுஞ்சாலை வந்ததால்தான் ஊர் பிழைத்தது என்கிறார்களே?

பாதி உண்மை. 1991 ஜனவரியில் எம்40 ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பர்மிங்காம் வரை முழுமையானது. அதற்கு முன்பு லண்டன்–பர்மிங்காம் லாரிகளில் பல ஊர் வழியாகத்தான் உறுமிக்கொண்டு போகும். பழைய ஏ41 சாலையின் அந்தப் பகுதிக்கு எண்ணையே பறித்து பி4100 ஆக்கிவிட்டார்கள். 11-ஆம் ஜங்ஷனைச் சுற்றிக் கிடங்குகளும் தொழிற்பேட்டைகளும் நிரம்பின.

ஆனால் ஆல்கன் வேறு கதை. சாலை இருந்தும் 2006, 2007-ல் படிப்படியாக மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. பக்கத்திலேயே இருந்த இரும்புத்தாதுச் சுரங்கங்கள் 1967-லேயே முடிந்துவிட்டன. சாலை கொண்டுவந்த வேலைகள் பலவும் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைகள். ஆலைக் காலத்துக் கைத்திறனுக்கு இருந்த கூலி இதில் இல்லை. சாலை லண்டன் வேலைக்காரர்களையும் இங்கே வீடு வாங்க வைத்தது, வீட்டு விலை ஏறியது. பிழைத்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஃபார்முலா ஒன் அணி இங்கே இருக்கிறதா? சும்மா சொல்கிறார்களா?

இருக்கிறது. அமெரிக்க அணியான ஹாஸின் பிரிட்டன் தளம் இங்கேதான். மருசியா அணி விட்டுப்போன கட்டடத்தில் தொடங்கியது. அதற்கு முன்பே 1984-ல் தொடங்கிய புரோடிரைவ் நிறுவனம் சுபாரு ரேலிக் கார்களை இங்கே தயாரித்தது. 1995, 2001, 2003 ஆண்டுகளில் உலக ரேலிச் சாம்பியன் பட்டம் வென்ற கார்கள் பான்பரியில் உருவானவை. கிடங்கு வேலையைப் பற்றி மேலே அலுத்துக்கொண்டேன், இது அதற்கு விதிவிலக்கு.

வெள்ளையர் அல்லாதவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், பல பத்தாண்டாக. 1960-களிலிருந்து வந்த பாகிஸ்தானி, குறிப்பாக காஷ்மீரிக் குடும்பங்கள் கிரிம்ஸ்பரிப் பக்கம் குடியேறின. மெர்ட்டன் தெருவில் மசூதி இருக்கிறது, அதாவது அந்த மூடிய ரயில் நிலையமும் மாட்டுச் சந்தையும் இருந்த அதே பகுதியில். 2004-க்குப் பிறகு போலந்துக்காரர்கள் பெருமளவில் வந்தார்கள். ஸ்டேசி இன்று மூன்றாவது சுற்று ஆராய்ந்தால், லேபர் வட்டம், தேவாலய வட்டம் என்று பிரிப்பதற்குப் பதில் என்ன வரைவார் என்று யோசிப்பதுண்டு.

ஹார்ட்டன் மருத்துவமனைக்காக ஏன் இவ்வளவு போராட்டம்?

1872-ல் திறந்த மருத்துவமனை அது. மேரி ஆன் ஹார்ட்டன் என்பவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்ததால் அந்தப் பெயர். 2016 அக்டோபரில் மருத்துவர்கள் போதவில்லை என்று மகப்பேறு மருத்துவர் பிரிவை நிறுத்தி, மருத்துவச்சிகள் மட்டும் பார்க்கும் பிரிவாக மாற்றினார்கள். சிக்கலான பிரசவம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஓட வேண்டும். நெரிசல் நேரத்தில் அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள், ஏன் கோபம் என்று புரியும். 2008-ல் இதே மாதிரி ஒரு முயற்சியை ஊர் தடுத்து நிறுத்தியிருந்தது என்பதால் ஏமாற்றம் இன்னும் கூடுதல்.

சந்தை ஊர் என்பதன் பொருளை இரண்டாவது கேள்வியில் சொன்னேன். சுற்றுக் கிராமங்களுக்கு எல்லாம் இங்கே கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சந்தையோடு முடிந்துவிடவில்லை.

அரசியலில் எந்தப் பக்கம்?

1922 முதல் 2024 வரை கன்சர்வேட்டிவ் கோட்டை. ஆலையும் கவுன்சில் வீடும் வந்தபின்னும் அசையவில்லை, சுற்றுக் கிராமங்களின் ஓட்டு அப்படி. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் பான்பரியை உள்ளடக்கிய செர்வெல் மாவட்டம் 50.3 சதவீதம் வெளியேறச் சொன்னது. இதைவிட இழுபறி கஷ்டம். 2024-இல் ஷான் வுட்காக் ஜெயித்து, பான்பரியின் முதல் லேபர் உறுப்பினரானார்.

கடைத்தெரு காலியாகக் கிடக்கிறதே, ஏன்?

இங்கிலாந்தின் எல்லா ஊருக்கும் உள்ள வியாதி இது, பான்பரியில் ஒரு கூடுதல் சிக்கல். 1970-களில் சந்தைத் திடலுக்குப் பின்னால் மூடிய ஷாப்பிங் சென்டர் கட்டினார்கள். பிறகு அதைக் கால்வாய் வரை நீட்டி காஸில் கீ என்று பெயர் வைத்தார்கள். அதனால் பார்சன்ஸ் தெரு, ஹை ஸ்ட்ரீட் கடைகளுக்குக் கூட்டம் குறைந்தது. அப்புறம் நெடுஞ்சாலைப் பக்கம் கார் நிறுத்த வசதியோடு பெரிய கடைகள் வந்ததும், ஷாப்பிங் சென்டரிலிருந்தே கூட்டம் அங்கே போனது. ஒருவரை ஒருவர் விழுங்கிய கதை. கடைசியில் மாவட்ட கவுன்சிலே காஸில் கீயை வாங்கி, சினிமா, ஹோட்டல் என்று உயிர் கொடுக்கப் பார்க்கிறது. மக்கள் வரிப்பணத்தில் இதைச் செய்யலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

அக்டோபர் நடுவில் போனால் மட்டும் வேறு ஊர் மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் பண்ணை ஆட்கள் வேலைக்கு முதலாளி தேடி வந்து நின்ற மைக்கேல்மஸ் கண்காட்சி, இன்று ராட்டினமும் விளக்குமாக நடுத்தெருவிலேயே நடக்கிறது. போக்குவரத்தைத் திருப்பிவிட்டு ஹார்ஸ் ஃபேரில் ராட்டினம் கட்டுகிறார்கள்.

இவ்வளவு பழைய ஊரில் பழைய கட்டடம் ஏன் இவ்வளவு குறைவு?

இடிப்பதில் இந்த ஊருக்கு ஒரு கைராசி. 1600-இல் சிலுவைகள். உள்நாட்டுப் போரில் இரண்டு முற்றுகைகளைத் தாங்கிய கோட்டையை 1648-ல் இடித்து, கல்லை வீடுகட்ட எடுத்துக்கொண்டார்கள். 1790-களில், பழுதுபார்க்க மனமில்லாமல் இடைக்காலத்துப் பெரிய தேவாலயத்தையே தரைமட்டமாக்கினார்கள், வெடிமருந்து வைத்து. இப்போதுள்ள புனித மரியாள் ஆலயம் அதற்குப் பதிலாகக் கட்டியது. கேக் கடையின் கதை மேலே சொன்னதுதான்.

மிச்சமிருப்பதில் பார்க்க வேண்டியது பார்சன்ஸ் தெருவின் ரெயின்டீர் விடுதி. அதன் குளோப் அறையில் 17-ஆம் நூற்றாண்டின் ஓக் மரச் சுவர்ப்பலகைகள் இருந்தன. 1912-ல் அவற்றைக் கழற்றி விற்றுவிட்டார்கள், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டன என்றே ஊர் நம்பியது. 1964-ல் பார்த்தால் லண்டனிலேயே பத்திரமாக இருந்தன. நகரசபை மீட்டுக் கொண்டுவந்தது, இப்போது மறுபடி அதே அறையில் பொருத்தியிருக்கிறார்கள். விடுதி திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே போய், கேட்டால் காட்டுவார்கள்.